பசை காய்வதற்குள்

திருமூர்த்தி அந்தப் பிஸ்கட்டைப் பலகை விளிம்பில் வெட்டிய காடிக்குள் செருகவில்லை. காடிக்கு ஒரு விரல் தள்ளி, வெறும் மரத்தில் வைத்து அழுத்தினார். அவர் விளையாடுகிறார் என்றுதான் எதிரே நின்ற அவர் மனைவி தெய்வானை முதலில் நினைத்தாள். விளையாடுகிற ஆள் இல்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது. பிஸ்கட் என்றால் தின்கிற பிஸ்கட் இல்லை, மரத்தை இறுக்கி அழுத்திச் செய்த மெல்லிய வில்லை, இரண்டு விரல் அகலத்தில் இரு முனையும் கூம்பி இருக்கும், பாதி இந்தப் பலகைக்குள்ளும் பாதி அந்தப் பலகைக்குள்ளும் போய்ப் பசையைக் குடித்து உப்பி இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அது இப்போது மரத்தில் முட்டி, வளைந்து, அவர் விரலிலிருந்து தெறித்து அவர் பக்கத்துப் பலகையின் மேலேயே விழுந்தது. தேக்கின் தவிட்டு நிறத்தில் வெளேரென்று அவர் மூக்குக்குக் கீழே கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்தார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கை பலகையின் மேல் ஊர்ந்தது, பிஸ்கட்டுக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, அதைத் தொடாமலே திரும்பிப் போய்ப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டது. இடது கட்டைவிரல் விளிம்போடு நகர்ந்து, காடியின் வாயைக் கண்டு, அதில் நகத்தை நட்டு நின்றது. அந்த நகத்தை ஒட்டி வலது கை பிஸ்கட்டை உள்ளே தள்ளியது. கண்ணு எங்கீங்க இருக்குது உங்களுக்கு, என்று கேட்டுச் சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்தில் தவறவிட்டவனின் எரிச்சல் இல்லை, கூச்சம் இல்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் அதை வெளியே காட்டாமல் நடப்பானே, அப்படி இருந்தது.

விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் பட்டால் பசை சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். ஆறாவது மாடியின் சமையலறை, கதவில்லாத அலமாரிகள், இன்னும் பிரிக்காத அடுப்புப் பெட்டி, முக்காலிகளின் மேல் இரண்டு பலகைகள், நடுவே ஒரு முழம் இடைவெளி, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். சமையல் மேடைக்கு வேண்டிய அகலத்தில் ஒரே பலகை கிடைக்காது என்பதால் மூன்று நீளங்களைப் பக்கவாட்டில் ஒட்டுகிறார்கள். நேற்று இரண்டை ஒட்டியாயிற்று. இன்று மூன்றாவது. உதவிக்கு இருந்த பிபுல் திடீரென்று வேலையை விட்டுப் போன பிறகு, நீ வந்து எதிர்ப்பக்கம் நின்னாப் போதும் புள்ள, என்று அவர் கூப்பிட்டபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவராக வாயைத் திறந்து எதையோ கேட்கிறார் என்று. அவள் கையில் பசைத் தூரிகை இருந்தது. பசையத் தடவிட்டயா, என்றார் அவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் தூரிகையைத் தூக்கினாள். எதற்குத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது, கை தானாகப் போனது, அவர் முகத்துக்கு நேரே, மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தூரிகை நின்றது, நுனியில் பசை வெள்ளையாகத் திரண்டு நூலாக இறங்கியது. இப்போது அவர் முகத்தை நேரே திருப்பினார். நேரே தூரிகையைப் பார்த்தார். தடவிட்டேனுங்க, என்றாள் தெய்வானை. அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். ம், எச்சா வேண்டாம், பொறவு பிதுங்கி வழியும், என்றார் அவர். பசைச் சொட்டு இரண்டு பேருக்கும் நடுவே தரையில் விழுந்தது.

அவள் தூரிகையை இறக்கி விளிம்பில் தடவத் தொடங்கினாள், தடவத் தெரிகிறது, கைக்கு எல்லாம் தெரிகிறது, காடிக்குள் நுனியை விட்டு இரண்டு பக்கமும் பூச வேண்டும் என்று தெரிகிறது, தலைக்குள்தான் ஒன்றுமே இல்லை. தெரியவில்லை. அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பாள், ரேஷன் கடை திறந்ததா தெரியவில்லை, மழை வருமா தெரியவில்லை, அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கண் சிவக்கவில்லை, பூ விழவில்லை, கண்ணாடி போடவில்லை, நல்ல கண், கலியாணத்தின்போது அவள் அக்காமார்கள் கேலி பேசிய பெரிய கண், அது அங்கேயேதான் இருக்கிறது, இமைக்கிறது. இரு, அவசரப்படாதே, ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசியிருக்கும், ராத்திரி தூங்கியிருக்க மாட்டார், சர்க்கரை கூடிப்போயிருக்கும். சர்க்கரை. அவருக்குச் சர்க்கரை வந்து எவ்வளவு காலம் ஆகிறது. மாத்திரைப் பட்டையை இப்போதெல்லாம் அவளிடம் கொடுத்து எடுத்துத் தரச் சொல்கிறார். ஒரு காலத்தில் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். எல்லாத்துக்கும் பொண்டாட்டி வேணும், என்று அவள் சலித்துக்கொண்டது எப்போது, போன வாரமா, அதற்கு முந்தின வாரமா. சலித்துக்கொண்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே போய்த்தான் மனசு மாட்டிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொங்கலுக்கு முன்பிருந்தே இருக்கும், அவள் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோறு போட்டு எதிரே உட்கார்ந்தால் சுவரைப் பார்ப்பார். புதுசாக மூக்குத்தி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே வந்தவர் நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு, வெளிய போறயா, என்று கேட்டுவிட்டுப் போனார். கவனிக்கவே இல்லை. அக்கா மகள் சீருக்குக் கட்டிய மாம்பழக் கலர் சேலையில் படம் எடுத்து அவருக்குச் செல்லில் அனுப்பினாள், வயதான காலத்தில் என்ன ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் அனுப்பினாள், பதில் இல்லை, கேட்டதற்கு, ம் பார்த்தேன், என்றார். செல்லைக் கவிழ்த்துத்தான் வைப்பார். மணி அடித்தால் யாரென்று பார்க்காமலே எடுத்துக் காதில் வைப்பார். இரண்டு முறை காலையில் வேலைக்கென்று கிளம்பி, வேலை இடத்துக்குப் போகாமல், பொழுது சாய்ந்து கண் சிவந்து கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். எங்கீங்க போனீங்க, என்றதற்கு, ஒரு சோலி, என்றார். ஒரு சோலி! அன்றைக்கு ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்று அவள் அழுதாள். ஏனென்றால் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு பிளைவுட் கடையில் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். பில் போடுகிற பெண், வாசுகி, சிரித்த முகம், கழுத்தில் மெல்லிசாகச் சங்கிலி, அவளிடம் இவர் பேசிக்கொண்டிருந்தார், நேருக்கு நேராக, அவள் முகத்தை விட்டு இம்மியும் கண்ணை எடுக்காமல், சிரித்துச் சிரித்து. தன்னிடம் சுவரைப் பார்க்கிறவர் அங்கே அப்படிப் பார்க்கிறார். தெய்வானை கடைக்குள் நுழையவே இல்லை. வெளியில் நின்ற வேனின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அன்றையிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த வாசுகியோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள், சாம்பார் தாளிக்கும்போது வாசுகி, துணி துவைக்கும்போது வாசுகி. இப்போது அந்த வாசுகியின் முகத்தை நினைவில் எடுத்து வைத்துப் பார்க்கிறாள், நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த தன் புருஷனையும் பார்க்கிறாள், தூரிகை நுனியில் தொங்கிய பசையையும் பார்க்கிறாள். அதையும் நேருக்கு நேர்தான் பார்த்தார்.

சேர்க்கலாமா, என்றார் அவர். சேர்க்கலாமுங்க, என்றாள். குரல் வேறு யாருடையதோபோல் வந்தது. தன் பக்கத்துப் பலகையை அவர் மெல்லத் தள்ளினார், விளிம்பில் நட்டு நின்ற பிஸ்கட்டுகள் வரிசையாக, கீழ்த்தாடைப் பற்கள்போல, அவள் பக்கத்துக் காடிகளை நோக்கி வந்தன. அவளும் தள்ளினாள். பிஸ்கட் முனைகள் வாய்க்குள் போயின, சொதக் என்று பசை சத்தம் போட்டது, அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. கொட்டாப்புளி மரச்சுத்தியை எடுத்து அவர் தன் பக்கத்திலிருந்து தட்டினார். போகவில்லை. பலமாகத் தட்டினார். மரம் ணங்கென்று சத்தம் கொடுத்தது, இடைவெளி அப்படியே இருந்தது. எதுவோ முட்டுது, என்றார். குனிந்தார், முகம் பலகையில் படுகிற அளவுக்குக் குனிந்தார், இடைவெளியோடு விரலை ஓட்டினார். அவளுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நடுவில் ஒரு பிஸ்கட், எதிர்க் காடிக்கு ஒரு கட்டைவிரல் தள்ளி, மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. காடியையே இடம் மாற்றி வெட்டியிருக்கிறார். அவள் கோடு போட்டது ஓரிடம், மிஷின் வெட்டியது வேறோரிடம்.

மிஷின். காலையில் அந்த மிஷின் ஓடியபோது பலகை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். கோட்டை நல்லா அழுத்திப் போடு, பென்சில் வேண்டாம், அந்தக் கருப்பு மார்க்கர்ல போடு, தடியாப் போடு, என்றார். போட்டாள். மிஷினின் முகத்தை விளிம்பில் பொருத்தி, குனிந்து, ஒருக்களித்து, எதையோ மோந்து பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, அமுக்கினார். உள்ளேயிருந்து பல்சக்கரம் பாய்ந்து மரத்தைக் கடித்துவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அவள் கட்டைவிரல் அந்தக் கருப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை எடு, என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் கை அங்கே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. அவள் இப்போது தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பசை ஒட்டி, மரத்தூள் அப்பி, முழுசாக, நகத்தோடு இருந்தது. பிபுல் எதற்கு வேலையை விட்டான்? அண்ணாகூட வேலை பயம் அக்கா, என்று போனில் சொன்னான், அவர் கோபக்காரர் என்று சொல்கிறான் என நினைத்து, எல்லா மேஸ்திரியும் அப்படித்தான் தம்பி, என்று இவள் சமாதானம் சொன்னாள். கூலிக்கு வந்த பிபுலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே பாயில் படுக்கிற இவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் வண்டி. ஐயோ வண்டி. காலையில் கோவில்பாளையத்திலிருந்து சத்தி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அந்த வண்டியில்தானே வந்தார்கள், மடியில் பலகை இறுக்குகிற கிளாம்புகளைக் கட்டி வைத்துக்கொண்டு பின்னால் அவள், ஓரமாக மெல்ல மெல்லப் போகிறாரே, வயசாகிவிட்டது மனுஷனுக்கு, என்று நினைத்துக்கொண்டு. லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போனபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்ன தைரியம் என்று அவள் நினைத்தாள். தைரியம்! நடந்து முடிந்த ஒன்றுக்கு உடம்பு இப்போது நடுங்குகிறது. இறந்துபோயிருப்போம். இரண்டு பேரும் ரோட்டில் கிடந்திருப்போம். மகள் சேலத்து ஹாஸ்டலில் இருந்து வந்து யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுவாள்?

எங்க முட்டுதுன்னு பாரு புள்ள, என்றார். நடுவுல, என்றாள். நடுவுலன்னா? உங்க கைக்கு நேரா. அவர் கை அதைத் தாண்டிப் போனது. இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க, என்றாள். வந்தது, மறுபடி தாண்டியது. பசை இழுத்துக்கொண்டிருந்தது. பிதுங்கி நின்ற பசையின் மேல் ஆடை படர்வதை அவள் கண்ணால் பார்த்தாள், உள்ளே பிஸ்கட்டுகள் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொண்டிருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சேரவும் சேராது, பிரியவும் பிரியாது, இத்தனை நீளத் தேக்கும் பாழ். ஹாலில் கம்ப்யூட்டரில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா மைதிலி அங்கிருந்தே, முடிஞ்சுதுங்களா, இன்னைக்கு அடுப்பு வெக்க ஆள் வருவாங்களே, என்று குரல் கொடுத்தார். ஆச்சுங்க, ஆச்சு, என்றார் திருமூர்த்தி, அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது, இருபத்து மூன்று வருஷத்தில் அவள் கேட்டிராத நடுக்கம். அவர் கை இன்னும் தேடிக்கொண்டிருந்தது. பசையில் அளைந்துகொண்டு, இருக்கிற பிஸ்கட்டையெல்லாம் விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் நின்று தடவிக்கொண்டிருந்தது அந்தக் கை. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

விடுங்க, என்றாள். பின்னால இழுங்க உங்க பலகைய. எதுக்கு? இழுங்கன்னு சொல்றனுங்க. அவர் இழுத்தார். அவளும் இழுத்தாள். சேராத பலகைகள் பிசுக்கென்று விட்டுக்கொடுக்க மனமில்லாமல் முனகி, ஒரு பக்கம் மட்டும் வந்து, மறுபக்கம் வராமல் நின்று, அவள் முழங்காலை முக்காலியில் முட்டுக்கொடுத்து மூச்சைப் பிடித்து இழுத்தபோது விட்டன. குறடு கருவிப் பைக்கு மேலேயே கிடந்தது. அவள் இடைவெளிக்குள் குனிந்து, முட்டி நின்ற பிஸ்கட்டைக் குறட்டால் கவ்வினாள், அது பாதி உப்பி வழுக்கியது, மறுபடி கவ்வி, திருகி, பிடுங்கி எடுத்தாள். ஈறிலிருந்து பல் வந்த மாதிரி இருந்தது. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணும் ஆகாதில்லீங்க? என்றாள். ஆகாது, மத்ததெல்லாம் புடிச்சுக்கும், என்றார் அவர். தள்ளுங்க இப்ப. தள்ளினார்கள். கொட்டாப்புளி விழுந்தது. இடைவெளி மெல்ல மெல்ல மூடிக்கொண்டு போய், பசை நெடுக ஒரு வெள்ளைக் கயிறாகப் பிதுங்கி எழும்பி, மூடிக்கொண்டது. கிளாம்புகளை அவள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள், அவர் முறுக்கினார். முறுக்குவதற்குக் கண் வேண்டாம். கடைசிக் கிளாம்பை முறுக்கி முடித்தபோது அவர் கண்டுகொண்டார், அவள் எல்லாவற்றையும் கையில் வைத்தே கொடுத்தாள் என்று, இதுவரை பலகை மேல்தானே வைப்பாள், எடுத்துக்கோங்க என்று. அவர் கை கிளாம்பின் மேலேயே நின்றுவிட்டது.

எத்தன நாளா, என்றாள் தெய்வானை. எது? எதுன்னு உங்களுக்குத் தெரியும். அவர் ஈரத்துணியைத் தேடினார், அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. பதில் வருகிறவரை ஒன்றும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று நின்றாள். கார்த்திகையில இருந்து, என்றார் அவர் கடைசியில். நடுவுல மட்டும்தான் புள்ள. சுத்தி எல்லாம் தெரியுது. நடக்கறதுக்கு ஒண்ணுமில்ல, சுவரு தெரியுது, படி தெரியுது. எதைப் பார்க்கோணும்னு பார்க்கறனோ அது மட்டும் இல்ல. அழிச்ச மாதிரி. எச்சில் தொட்டு அழிச்சா சிலேட்டுல இருக்குமே, அந்த மாதிரி. டாக்டர்கிட்டப் போனீங்களா? போனேன். ரெண்டு வாட்டி. சர்க்கரதான் காரணம்னாங்க, கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசியுதாம். ஊசி போட்டா இருக்கற மட்டுமாச்சும் நிக்கும்னாங்க, போனது கொஞ்சம் வந்தாலும் வரும்னாங்க. போட்டீங்களா? அவர் முறுக்கின கிளாம்பையே இன்னொரு முறை முறுக்கினார். போட்டீங்களான்னு கேக்கறனுங்க. கண்ணுக்குள்ள போடறாங்க புள்ள, என்றார் அவர், குரல் ஒரு சின்னப் பையனுடையதுபோல் இறங்கிவிட்டது. கண்ணுக்குள்ளயே. வரிசையில உக்காந்து சொட்டு மருந்தெல்லாம் ஊத்தியாச்சு, எனக்கு முன்னால ஒருத்தர் உள்ள போனாரு, எனக்கு முடியல. ஏந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டாவது வாட்டியும் வந்துட்டேன்.

கண் சிவந்து, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு சோலி. அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவள் இருட்டில் நின்று வாசுகியைச் சபித்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாக இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதிதான் அவளை இன்னும் அதிரவைத்தது. புருஷனுக்குக் கண் போகிறது, எனக்கு நிம்மதியாக இருக்கிறது, நான் என்ன பொம்பளை. ஆனால் இருந்தது, மார்பில் கட்டியிருந்த கல் ஒன்று அவிழ்ந்து விழுந்ததுபோல் இருந்தது, விழுந்த கல் நேராகக் காலிலேயே விழுந்ததுபோல வலிக்கவும் செய்தது. அப்புறம் கோபம் வந்தது. கட்டைவிரல், லாரி, மிஷின். ஏனுங்க எங்கிட்டச் சொல்லல? சொன்னா மிஷினத் தொட விடமாட்ட. ஆமா விடமாட்டேன்! மிஷினத் தொடாம நான் என்னத்தப் பண்றது, காத்தாலருந்து சாயங்காலம் வரைக்கும் வீட்டுல உக்காந்து உன்னயப் பாத்துட்டு இருக்கறதா, என்றார் அவர் எரிச்சலாக. சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. எங்க நீங்க என்னயப் பாத்தீங்க, என்றாள் தெய்வானை. கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. மூஞ்சியத் திருப்பிட்டே இருந்தீங்க. அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு திகைப்பு. திருப்பினாத்தான புள்ள தெரியும், என்றார். நேராப் பார்த்தா நீ அழிஞ்சு போயிருவ. கொஞ்சம் அக்கட்டால பார்த்தா ஓரத்துல வருவ, கலங்கலா. மூக்குத்திகூட மினுங்குச்சு, அன்னிக்கு வாசல்ல. நல்லாருக்குன்னு சொல்லலாம்னு நினைச்சேன், மூக்குத்திதானா இல்ல வேர்வையான்னு ஒரு சந்தேகம், தப்பாச் சொல்லிட்டா நீ கண்டுபிடிச்சிருவயேன்னு, வெளிய போறயான்னு கேட்டுட்டுப் போயிட்டேன்.

பசை பிதுங்கிய கோட்டை இப்போதே துடைக்காவிட்டால் பிறகு உளி வைத்துச் சுரண்ட வேண்டிவரும். அது மட்டும்தான் அவளுக்கு நினைக்க முடிந்தது. துணியை நனைத்துப் பிழிந்து, பலகையின் ஒரு முனையிலிருந்து துடைத்துக்கொண்டே போனாள். சுவரைப் பார்த்தார். சோறு தின்னும்போது சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் பார்த்த வாசுகியைத்தான் அவர் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, குரல் வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனை மாதத்துக் கண்ணீர், இருட்டில் நின்றது, வேன் கண்ணாடியில் முகம் பார்த்தது, எல்லாவற்றையும் இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது? யாரிடம் சொல்வது? நீ என்னமோ நினைச்சுட்டு இருந்தயா, என்றார் அவர். ஒண்ணுமில்லீங்க, என்றாள். பலகையின் மறுமுனை வந்துவிட்டது, துடைக்க இனி ஒன்றும் இல்லை. இருந்தும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல முகத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுபோல் நின்றார். அழுகாத புள்ள, என்றார்.

மைதிலி உள்ளே வந்தபோது இருவரும் பலகையின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். ஒட்டின இடமே தெரியலையே, என்று அவர் கையால் தடவிப் பார்த்தார். தொடாதீங்கம்மா, நாளைக்கு வரைக்கும் கிளாம்பு அப்படியே இருக்கோணும், என்றாள் தெய்வானை. அடுப்புக்காரங்கள நாலு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க. மூலைக்கு வெட்டறது பாக்கி இருக்குது, அதுக்கு வேற ஆள் கூட்டிட்டு வருவோம். வேற ஆளா, என்று மைதிலி திருமூர்த்தியைப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று தெய்வானை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சிரித்து மழுப்பலாம், இவ என்னமோ சொல்றா, நாளைக்கு நானே வந்து முடிச்சுடறேன் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் இவளால் எதுவும் செய்ய முடியாது, அடுத்தவர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்கத் தெரியாது அவளுக்கு. ஆமாங்க, என்றார் திருமூர்த்தி. எனக்குக் கண்ணு சரியில்லீங்க. ஆஸ்பத்திரி போறோம் நாளைக்கு. வேல சுத்தமா முடிச்சுக் குடுத்துருவோம், நான் கூட இருப்பேன், ஆனா வெட்டறது வேற ஆளுதான். இந்த நாளில் அவள் கேட்ட எல்லாவற்றிலும் இதுதான் அவளைக் கடைசியாக ஒருமுறை உலுக்கியது. அந்நியரிடம், பகலில், நின்ற நிலையில் சொல்லிவிட்டார். மைதிலி எதோ ஆறுதலாகச் சொன்னார், காதில் விழவில்லை. தெய்வானை மிஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

வண்டி கீழே நிறுத்தின இடத்திலேயே நிற்கட்டும், அக்கா பையனை விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் காலேஜ் பிள்ளைகளும் காய்கறிக் கூடைக்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள், வெயில் தாரில் இருந்து மேலே அடித்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள், பிடிக்கவில்லை, தோளுக்குத் தோள் படுகிற மாதிரி நெருங்கி மட்டும் நின்றாள். நாளைக்கு அந்த ஊசி. தன்னையும் உள்ளே விடுவார்களோ என்னவோ, விடாவிட்டால் கதவுக்கு வெளியே நின்று, எழுந்து வந்தால் பிடித்து உள்ளே தள்ள வேண்டியதுதான். போனது திரும்புமா, திரும்பாதா, வருகிற கார்த்திகைக்குள் இன்னும் என்னென்ன அழிந்துபோகும்? தூரத்தில் பச்சை பஸ் ஒன்று கும்பலைப் பார்த்து வேகம் குறைத்துக்கொண்டு வந்தது. பழக்கமானவர்போல ஒரு காலை முன்னால் வைத்த திருமூர்த்தி நின்றார். வண்டி எடுக்காத நாட்களில், எத்தனை மாதமாகப் பக்கத்தில் நின்றவர்கள் ஏறுவதைப் பார்த்து ஏறி, தப்பான பஸ்ஸில் போய் இறங்கி நடந்து வந்திருப்பாரோ, யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். எந்த பஸ்ஸு வருது, என்று கேட்டார் இப்போது. சத்தமாகத்தான் கேட்டார், பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். போர்டுல என்ன போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு. தெய்வானை படித்தாள். அன்னூர், என்றாள். வழி, கோவில்பாளையம். அப்புறம் கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்ததையும், கதவுக்கு மேலே எழுதியிருந்ததையும், படிக்கட்டில் நிற்காதீர் என்றிருந்ததையும், பஸ் வந்து நிற்கிறவரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருந்தாள்.